பலகையை மாற்றினால் பள்ளி மாறுமா?

ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்று வெவ்வேறு துறைகளில் கிடப்பவற்றையெல்லாம் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழே கொண்டுவந்து, பெயரில் இருக்கும் சாதியையும் எடுத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான கல்வி கிடைத்துவிடுமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் அந்த மக்கள் கையில் இருப்பதும் போய்விடாதா என்ற பயமும் அவர் கேள்வியில் தெரிகிறது. இரண்டுமே நியாயமானவை. ஒரு வரியில் ஆம், இல்லை என்று முடிக்க முடியாததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே துறைக்குக் கீழே வர வேண்டும். பெயரில் இருக்கும் சாதி போக வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பணம், ஆசிரியர் பணியிடம், விடுதி, பள்ளி நிற்கும் நிலம் ஆகியவற்றை யாரும் வேறு பக்கம் திருப்ப முடியாதபடி எழுத்தில் உறுதி செய்த பிறகே அது நடக்க வேண்டும். முதலில் இணைத்துவிடுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், நஷ்டம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

தனிப் பள்ளிகள் ஏன் வந்தன என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. பழைய சென்னை மாகாணத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம் கோயில் மண்டபத்திலோ, அக்கிரகாரத்திலோ, பெரிய வீட்டுத் திண்ணையிலோ நடந்தது. அந்தத் தெருவுக்குள் கால் வைக்கவே அனுமதி இல்லாத குழந்தை அந்தப் பள்ளியில் எப்படிச் சேரும்? சட்டப்படி எல்லோருக்கும் திறந்த பள்ளி என்று அரசு சொன்னாலும் வாசலுக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. 1890களின் தொடக்கத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தன் மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, நிலம் இல்லாததையும் படிப்பு இல்லாததையும் சேர்த்தே பேசியது. 1892-ல் அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணையும், 1893-ல் பஞ்சமர் (தாழ்த்தப்பட்டோருக்கு அன்று வழங்கிய பெயர்) கல்விக்கான தனி ஆணையும் அடுத்தடுத்து வந்தன. 1894-ல் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசர் அதற்குத் துணை நின்றார். 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஒரு பள்ளியை எழுப்பினார். தில்லைக் கோயிலுக்குள் நுழைய முடியாமல் நின்றவர் என்று பாடப்பட்ட நந்தனாரின் பெயரை, அதே ஊரில், படிப்புக்கான பெயராக அவர் ஆக்கினார். அங்கே படித்துப் பட்டதாரிகளாகி வேலைக்குப் போன குடும்பங்கள் கடலூர் மாவட்டத்தில் ஏராளம்.

1920-ஐ ஒட்டி அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கி, ஒடுக்கப்பட்டோருக்கான வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகிய வேலைகளை அவரிடம் கொடுத்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான். "ஆதிதிராவிடர்" என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. இழிவான பழைய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி இதை எழுத வேண்டும் என்று தலித் தலைவர் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் 1922-ல் போராடிப் பெற்றது அது. இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சாலை திறக்காமல் பள்ளி திறக்காது என்பதை அந்தத் தலைமுறை நன்றாக அறிந்திருந்தது.

கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் கதை வேறு. பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்கச் சொன்னார்கள். மறுத்தவர்கள்மீது பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகள் வந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்று 300-ஐ ஒட்டிய பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் மற்ற சாதிப் பிள்ளைகளும், தலித் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சமூகத்தினர் அவற்றைத் தங்கள் முன்னோர் ரத்தம் சிந்திப் பெற்றவை என்று நினைக்கிறார்கள். இணைப்பு என்றதும் அங்கே எதிர்ப்பு கிளம்பியதன் காரணம் இதுதான். அதை வெறும் சாதிப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது.

சரி, இன்றைக்கு வருவோம். ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் 1,138 பள்ளிகள். அதில் 833 தொடக்கப் பள்ளிகள், 99 நடுநிலை, 108 உயர்நிலை, 98 மேல்நிலை. அதாவது நான்கில் ஏறக்குறைய மூன்று, ஐந்தாம் வகுப்போடு முடியும் சின்னப் பள்ளிகள். அவை பெரும்பாலும் ஊரின் காலனியிலோ அதை ஒட்டியோ இருக்கின்றன. ("காலனி" என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். மக்கள் வாயில் அது இன்னும் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.)

இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாடத்திட்டம், பாடநூல், பயிற்சி, பொதுத்தேர்வு எல்லாம் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வருகின்றன. சம்பளம், இடமாறுதல், விடுப்பு, பராமரிப்பு ஆகியவை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம். அவருக்குக் கீழே தனி வட்டாட்சியர். இவர்கள் வருவாய்த் துறையிலிருந்து வந்தவர்கள். மனைப்பட்டாவுக்கு நிலம் எடுப்பதும் சான்றிதழ் விவகாரங்களும்தான் அவர்களுக்குப் பழக்கமான வேலை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஏன் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை என்று கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை, அது அவர்கள் படித்த துறையும் இல்லை. கட்டடம் இடிந்தால் தாட்கோ, அதாவது ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகம், வர வேண்டும். பக்கத்து ஒன்றியப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறார். இந்தப் பள்ளிக்கு அப்படி உரிமையோடு வர ஆள் குறைவு. நல்ல தனி வட்டாட்சியர் வாய்த்த இடங்களில் வேலை நடந்திருக்கிறது. ஆனால் ஒரு பள்ளி அமைப்பு தனி மனிதர்களின் நல்ல குணத்தை நம்பி ஓடக் கூடாது.

ஆசிரியர் பணியிடமும் இப்படித்தான். சின்னத் துறை என்பதால் பதவி உயர்வுக்கும் இடமாறுதலுக்கும் வாய்ப்பு குறைவு. கணித ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நெடுநாள் காலியாகக் கிடக்கும், இல்லாவிட்டால் தற்காலிக ஆசிரியர் வருவார். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் பொதுத்தேர்வுத் தேர்ச்சி பல ஆண்டுகளாக மாநில சராசரிக்குக் கீழேயே நிற்பதற்கு, அங்கே படிக்கும் பிள்ளைகளைக் காரணம் சொல்வது அநியாயம். இந்த நிர்வாகப் பிளவுதான் முதல் காரணம் என்பது என் கருத்து. அதனால்தான் ஒரே துறைக்கு வர வேண்டும் என்கிறேன். 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், பல துறைகளில் இருக்கும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழ் வரும், ஆசிரியர்களின் பணிப் பலன்கள் காக்கப்படும் என்று அறிவித்தார். அன்றிலிருந்து வாதம் ஓயவில்லை.

தனியாக இருப்பதாலேயே ஒரு பள்ளி மோசமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தெலங்கானாவைப் பாருங்கள். அங்கே சமூக நல உறைவிடப் பள்ளிகளும் தனி அமைப்புதான், ஒருங்கிணைந்த ஆந்திரா காலத்திலிருந்தே நடப்பவை. ஆர்.எஸ். பிரவீண் குமார் என்ற காவல்துறை அதிகாரி 2012-லிருந்து 2021 வரை அதன் செயலாளராக இருந்தார். ஆங்கிலம், விளையாட்டு, மலையேற்றம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் திறக்காத கதவுகளையெல்லாம் திறந்துவிட்டார். 2014-ல் எவரெஸ்ட் ஏறிய 13 வயது பூர்ணா மாலாவத் அந்தப் பள்ளி மாணவி. பணமும் பொறுப்பான தலைமையும் இருந்தால் தனிப் பள்ளியும் சிறக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அங்கே நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளை தன் ஊர்ப் பள்ளியில்தான் இருக்கும். நாம் பேசுவது அந்தப் பிள்ளையைப் பற்றியும்தான்.

இப்போது பணம். இதைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கவலை அதிகமாகிறது.

காந்தி தரப்பும் அம்பேத்கர் தரப்பும் செய்துகொண்ட 1932 பூனா ஒப்பந்தம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தனித்தொகுதி விவகாரம். அதன் ஒன்பதாவது பிரிவை அதிகம் பேர் பேசுவதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான ஒதுக்கீட்டில் போதுமான ஒரு தொகையை ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்கிறது அது. பொதுப் பணத்தில் உரிமை இருக்கிறது என்று மட்டும் எழுதினால் அது கைக்கு வராது, தனியாக எடுத்து வைத்தால்தான் வரும் என்று அம்பேத்கருக்குத் தெரிந்திருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம், பழங்குடியினர் 1.10 சதவீதம். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்ற துணைத் திட்ட ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒதுக்கியது செலவாகாமல் திரும்புகிறது, பொதுத் திட்டங்களுக்குப் போகிறது என்ற புகார்களும் அதே அளவு பழையவை. 2024-ல்தான் இந்த நிதிக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று தெரியும். பள்ளி தனியாக, தலைப்பு தனியாக இருப்பதால் கணக்கைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். நாளைக்கு அது பள்ளிக்கல்வித் துறையின் பெரிய கணக்குக்குள் போய்விட்டால், அந்தத் துறையின் மொத்தச் செலவில் 20 சதவீதத்தைத் துணைத் திட்டத்துக்குச் செலவானதாக எழுதிவிடுவது சுலபம். காலனிப் பள்ளியின் கழிப்பறைக் கதவு உடைந்தே கிடக்கும், ஆனால் புத்தகத்தில் நிதி முழுவதும் செலவாகியிருக்கும். அதனால் இணைக்கும்போது ஒவ்வொரு பள்ளிக்கும் இன்று என்ன போகிறது என்பதைப் பட்டியலிட்டு, அதற்குக் குறையாமல் போகும் என்று ஆணையிலேயே எழுத வேண்டும். ஆண்டுதோறும் பள்ளிவாரியாகக் கணக்கை வெளியிட வேண்டும்.

ஆசிரியர்கள் விஷயத்தில் அமெரிக்காவில் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். 1954-ல் பிரௌன் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வெள்ளையருக்கும் கருப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அது சரியான தீர்ப்பு. ஆனால் தெற்கு மாநிலங்கள் அதை நிறைவேற்றிய விதத்தில், மூடப்பட்டவை பெரும்பாலும் கருப்பினப் பள்ளிகள். பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள், அவர்களுடைய ஆசிரியர்கள் போகவில்லை. 1954-க்கும் 1965-க்கும் இடையில் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கருப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகை முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து வளரும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே பறிபோனது. நம் ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்களில் பலர் அந்த மக்களிடமிருந்தே வந்தவர்கள், வீட்டின் முதல் பட்டதாரிகள். இணைப்புக்குப் பிறகு அவர்களின் பணிமூப்புப் பட்டியல் எப்படிக் கலக்கப்படும், தலைமை ஆசிரியர் பதவி உயர்வில் அவர்கள் கடைசிக்குத் தள்ளப்படுவார்களா என்பதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் வேண்டும்.

அடுத்து, பொதுப் பள்ளி என்றால் அங்கே பாகுபாடு இருக்காது என்று நம்பிவிடக் கூடாது. 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமை ஆசிரியர்மீது வழக்குப் பதிவானது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் சத்துணவு சமைக்க வந்த பெண் தலித் என்பதால் ஊரார் சிலர் எதிர்த்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்துக்குக் கீழ் கொண்டு வாருங்கள், கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வையுங்கள், அந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர்களையே அங்கு தலைமைப் பொறுப்பில் வைக்காதீர்கள் என்றெல்லாம் அது சொன்னது.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசியாகச் சொன்னது. பலகையை ஒரு நாளில் மாற்றிவிடலாம். ஒரே ஊரில் வேரூன்றி, ஊரின் சாதிக் கட்டமைப்போடு ஒட்டிப்போன ஒரு பள்ளி நிர்வாகத்தை மாற்றத் துணிச்சல் வேண்டும். பெயர் நீக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மாற்றுச் சான்றிதழில் பள்ளியின் பெயரைப் பார்த்ததுமே கல்லூரியிலும் வேலை நேர்காணலிலும் எதிரில் இருப்பவர் பிள்ளையின் சாதியைப் படித்துவிடுகிறார். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே அவர் மனதில் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. 17 வயதில் அதைச் சுமக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே நேரத்தில் பலகையில் வெறும் "அரசுத் தொடக்கப் பள்ளி" என்று எழுதி வரலாற்றையே அழித்துவிடவும் வேண்டாம். நந்தனார் பள்ளி என்ற பெயர் இருந்தால் என்ன குறை? அயோத்திதாசர், சகஜானந்தர், ராஜா, சீனிவாசன் பெயர்கள் காலனிப் பள்ளிக்கு மட்டுமில்லாமல் ஊர்ப் பள்ளிகளுக்கும் வரட்டும்.

பெயரை எடுத்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் காலனிப் பள்ளிக்கு வந்துவிடுவார்களா? வர மாட்டார்கள். பல கிராமங்களில் ஊர்ப் பள்ளிக்கும் காலனிப் பள்ளிக்கும் இடையில் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது இன்றைக்கும் விதிதான். இணைத்த பிறகு நடக்க வாய்ப்புள்ளது என்னவென்றால், இரண்டிலும் பிள்ளைகள் குறைவு என்று சொல்லி ஒன்றை மூடுவார்கள். மூடப்படுவது எதுவாக இருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. அதனால் நான் தலைகீழாக ஒன்று கேட்கிறேன்: இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்ற நிலை வந்தால், காலனிப் பக்கம் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கட்டடம், முழு எண்ணிக்கையில் ஆசிரியர்கள், மழலையர் வகுப்பு, ஆங்கிலம் எல்லாவற்றையும் அங்கே கொடுங்கள். பெற்றோர் நல்ல பள்ளியைத் தேடி 20 கி.மீ. தூரம் வேனில் அனுப்புகிற காலம் இது. அரைக் கிலோமீட்டர் நடப்பார்கள். எல்லா ஊரிலும் உடனே நடக்காது. சில ஊர்களில் சண்டையும் வரும். ஆனாலும் அரசு ஒருமுறையாவது அந்தத் திசையில் நடக்க வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவாகக் கொடுப்பதா, பின்தங்கியவர்களுக்கு மட்டும் தனியாகக் கொடுப்பதா என்ற பழைய விவாதம் இங்கே வருகிறது. காமராசர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-ல் விரித்த சத்துணவு, 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவு ஆகிய மூன்றும் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போடும் சாப்பாடு அல்ல. பள்ளியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டு. தேவை அதிகமுள்ள பிள்ளை அதிகம் பயன் பெறுகிறது, ஆனால் அது யார் என்று யாரும் சுட்டிக் காட்டுவதில்லை. பசியைப் பொறுத்தவரை இது போதும். ஆனால் படிப்பில் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கிற பிள்ளை முன்னே போய்விடும், இல்லாத பிள்ளை அங்கேயே நிற்கும்.

நெதர்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. 1985-லிருந்து அங்கே தொடக்கப் பள்ளிக்கான நிதியை, ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்ப நிலையைப் பொறுத்து ஒரு மதிப்பு, அதாவது "எடை", வைத்துக் கணக்கிட்டார்கள். சாதாரணப் பிள்ளை 1 என்றால், அதிகம் படிக்காத உள்நாட்டுப் பெற்றோரின் பிள்ளை 1.25, அதே நிலையில் உள்ள புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை 1.9. அந்தக் கூடுதல் பணம் பிள்ளையின் கையில் போகாது, பள்ளிக்குப் போகும். அதில் கூடுதல் ஆசிரியர் வைத்து வகுப்பைச் சின்னதாக்கலாம். 2006-ல் இனத்தை விட்டுவிட்டுப் பெற்றோரின் படிப்பை மட்டும் அளவாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் வகுப்பில் யாருக்கும் யார் எத்தனை எடை என்று தெரியாது, கணக்கு அலுவலகத்துக்கு மட்டும் தெரியும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி, முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர், செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ பெற்றோர் இடம்பெயரும் குடும்பம் என்று எடை வைத்து, அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் பணியிடத்தைக் கூட்டிக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

பணியிடத்தைக் கூட்டுவது ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு சாதாரணக் கணக்கு போதும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ 5. ஒருவர் பயிற்சிக்கோ, தேர்தல் வேலைக்கோ, காய்ச்சலாலோ வரவில்லை என்றால் ஒரே ஆள் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். காலனிப் பள்ளிகளில் பெரும்பாலும் இந்த நிலைதான். சட்டத்தைப் பார்த்தால் குறையே இல்லை, விகிதம் சரியாக இருக்கிறது. முதல் தலைமுறைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு, எண்ணிக்கை எதுவானாலும் குறைந்தது 3 ஆசிரியர்கள் என்று அரசு முடிவெடுத்தால் நான் மேலே சொன்ன பாதிப் பிரச்சினை குறையும்.

கூடுதல் ஆள், கூடுதல் நேரம் கொடுத்தால் பலன் கிடைக்கும் என்பதை இங்கேயே பார்த்துவிட்டோம். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்த இளம்பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வை அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் செய்தார்கள். இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்தில் மீண்டு வந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகள் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சி தருவது, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் மீண்ட வேகம் குறைவாக இல்லை என்பது. அந்தத் தெருவிலேயே படித்த ஒரு அக்கா இருந்தார், அவரிடம் நேரமும் அக்கறையும் இருந்தது, அரசு அதைக் கண்டுகொண்டு கொஞ்சம் பணம் கொடுத்தது, அவ்வளவுதான்.

விடுதிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிராமத்துத் தலித் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு மேல் படித்ததென்றால் பெரும்பாலும் அரசு விடுதி இருந்ததால்தான். 2025 ஜூலையில் எல்லா நல விடுதிகளுக்கும் "சமூகநீதி விடுதிகள்" என்று பெயர் மாற்றினார்கள். 2,700-க்கு மேற்பட்ட விடுதிகள். நல்லது. ஆனால் உணவுப்படி? 2023-ல்தான் பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 47 ரூபாய்க்குக் கீழே. வளரும் பிள்ளைக்கு இந்தக் காசில் ஒரு நாள் முழுவதும் என்ன கொடுக்க முடியும்? பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறைக்குப் போய், விடுதிகள் பழைய துறையிலேயே தங்கிவிட்டால் இன்னொரு சிக்கலும் வரும். பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் ஆசிரியர் விடுதிக் காப்பாளரைக் கேட்பார், காப்பாளர் ஆசிரியரைக் கேட்பார். இணைப்பதென்றால் பள்ளியையும் அதை ஒட்டிய விடுதியையும் ஒரே அலுவலரின் பொறுப்பில் வைக்க வேண்டும்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு மட்டும் என் பதில் வேறு. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, நீலகிரி போன்ற இடங்களில் 300-க்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பிள்ளை பள்ளியிலேயே தங்கிச் சாப்பிட்டுப் படிக்கிறது. பள்ளிக்கல்வித் துறையில் உறைவிடப் பள்ளி நடத்திய அனுபவம் மிகக் குறைவு. கூடலூர் பக்கத்தில் பணியர் வீட்டுக் குழந்தை வீட்டில் பேசுவது பணியர் மொழி, பள்ளியில் முதல் நாளே கேட்பது பாடநூல் தமிழ். முதல் இரண்டு வகுப்புக்காவது அந்த மொழி தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் வகுப்பறையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதை அடைபடும், கிழங்கும் தேனும் எடுக்கும் பருவத்தில் குடும்பமே காட்டுக்குப் போகும். இதற்கேற்ப விடுமுறையை மாற்ற உள்ளூர் அதிகாரம் வேண்டும். சென்னையிலிருந்து வரும் ஒரே சுற்றறிக்கையில் இவை அடங்காது. ஆசிரியர் பயிற்சியையும் பாட மேற்பார்வையையும் பள்ளிக்கல்வித் துறை ஏற்கட்டும், பள்ளி நடத்துவது பழங்குடியினர் நல இயக்ககத்திடமே, கூடுதல் நிதியோடு, இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

அங்கே இன்னொரு தடையும் உண்டு. பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுத்துவிடலாம். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும், விசாரணையும் கடுமை. இருளர், காட்டுநாயக்கன், மலைக்குறவன் குடும்பங்களில் பெற்றோரிடமே சான்று இல்லாததால் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து, கல்லூரி விண்ணப்பத்தில் கேட்கும்போதுதான் ஓட ஆரம்பிக்கிறார்கள். அந்த ஆண்டு போய்விடுகிறது, பலருக்குப் படிப்பே அதோடு நின்றுவிடுகிறது. முதல் வகுப்பில் பிள்ளை சேர்ந்த ஆண்டிலேயே, மானிடவியல் தெரிந்த ஒருவரோடு கோட்டாட்சியர் பள்ளிக்கே வந்து முகாம் போட்டு, விசாரித்து, கையோடு சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும். துறை இணைப்பு முடியும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வருகிற ஜூன் மாதமே தொடங்கலாம்.